காட்டின் எல்லை

யாழ்ப்பாணத்திலிருந்து தென்திசை நோக்கிப் பயணஞ் செய்வோர் பலர் ஆனையிறவைக் கடந்தே செல்கின்றனர். இருமருங்கும் கடல்நீரேரி, அப்பால் உப்பளம், நடுவே வீதியும் புகையிரதப் பாதையும். அவ்விடத்திற்கு அப்பெயர் வந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் அங்கிருந்த ஆழங்குறைந்த நீரைக் கடந்தே குடாநாட்டிற்குக் கொண்டுவரப்பட்டன. போர்த்துக்கேயரும் அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் வன்னியர் தலைவர்களிடம் யானைகளையே திறையாகப் பெற்றனர். யாழ்ப்பாணத்திற் கூடிய யானைச் சந்தையை நாடி இந்திய வணிகர் கடல்கடந்து வந்தனர். அந்நாளில் யானை என்பது அரசின் கருவூலத்தை நிரப்பும் பொருளாக இருந்தது.

நூறாண்டு சென்றபின் காட்சி மாறிற்று. பிரித்தானியர் ஆட்சியில் அதே யானை பயிரை அழிக்கும் தொல்லையென்று கணிக்கப்பட்டது. கொன்றவர்க்குத் தலைக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கப்பட்டது. 1848 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மூன்றாண்டுக்குங் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமேர்சன் தெனன்ற் எழுதிவைத்துள்ளார். காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் 1851 முதல் 1856 வரை 2000 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதாகவும் அவர் கூறுகின்றார். றொஜேர்ஸ் என்னும் இராணுவ அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது வரலாறு.

இன்றோ யானையைக் கொல்வது குற்றம். திறைப்பொருளாகவும், தொல்லையாகவும், தேசத்தின் செல்வமாகவும் ஒரே விலங்கு மூன்று நிலைகளை அடைந்தது. யானை மாறவில்லை, காட்டைப்பற்றி மனிதர் கொண்ட கருத்தே மாறியது. அக்கருத்து நிலத்தின்மேல் எல்லைக்கோடாக எழுதப்பட்டது. அக்கோடுகளை வரைந்தவர் யார், எதனைக் கருதி வரைந்தனர், எந்தக் கோடு நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பவற்றை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். காடு என்பது மனிதர் என்றுமே மிதியாத நிலம் என்று நாம் எண்ணுகின்றோம். வன்னியின் காடுகளுக்குள் நடப்போர் அவ்வாறு எண்ணமாட்டார். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்து நிற்கும் இடத்தில் உடைந்த குளக்கட்டு ஒன்று தோன்றும். கல்தூண் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒருகாலத்தில் நெல்விளைந்த பூமியை மக்கள் விட்டுச்செல்லக் காடு மீட்டுக்கொண்டது. மக்கள் திரும்பிவந்தபோது காடு பின்வாங்கிற்று. ஊரும் காடும் இவ்வாறு இடம் மாறிமாறி வாழ்ந்தமையே நமது வரண்ட வலயத்தின் பழைய வரலாறு. அங்கே எல்லை உண்டு. ஆயின் அது அசையாத எல்லையன்று.

மன்னர் ஆட்சியிலும் காவற்காடுகள் இருந்தன. கண்டி அரண்மனைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உடவத்தகலை பொதுமக்கள் புகலாகாத அரச வனமாக இருந்தது. 1856 ஆம் ஆண்டில் பிரித்தானியர் அதனை ஒதுக்கக்காடாக அறிவித்தனர். கண்டி நகர் சுற்றிலும் பெருகியபோதும் அவ்வனம் இன்றும் எஞ்சி நிற்கின்றது.

காட்டைப்பற்றிய கருத்தில் பெருமாற்றத்தை விளைவித்தது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். காடாகவும் தரிசாகவும் குடியிருப்போ பயிரோ இல்லாததாகவும் கிடக்கும் நிலமனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென அது கூறிற்று. தரிசு என்ற அச்சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். சேனை வெட்டிச் சில ஆண்டு ஆறவிட்ட நிலமும், மாடு மேய்ந்த புற்றரையும், தேனும் மருந்து மூலிகையும் தந்த மரச்சோலையும் ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கின. அக்காலத்தில் முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கும் விற்கப்பட்டது. 1844 இலேயே விலை இருபது சிலிங்காக உயர்ந்தது. வாங்கியவருள் அரசாங்க உத்தியோகத்தரும் பலர் இருந்தனர். மலைநாட்டின் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. சாம்பரின்மேற் கோப்பி நடப்பட்டது.

இவ்விடத்தில் தமிழர் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அக்காடுகளை வெட்டிய கைகள் பெரும்பாலும் யாருடைய கைகள்? மரத்தை வீழ்த்தும் வேலையிற் சிங்களக் கிராமத்தவர் தேர்ந்தவராக இருந்தனர். தோட்டத்தை உருவாக்கிய உழைப்போ தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையது. அவர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக மாத்தளைக்குச் சென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். காட்டை அழித்த இலாபம் அவர்க்குச் சேரவில்லை. அழிவின் பழியை மட்டும் அவர் தலையிற் சுமத்துவது நீதியன்று.

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காடு மீளவில்லை. மண் அரிப்புண்டது, ஆறுகள் கலங்கின. இந்நிலையிற்றான் 1873 ஆம் ஆண்டில் யோசப் ஊக்கர் என்னும் தாவரவியலறிஞர், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு அரசாங்கத்திற்கு எழுதினார். அக்கருத்து ஏற்கப்பட்டது. அந்த உயரத்திற்குமேல் நிற்பவை ஆறுகளின் பிறப்பிடங்கள். மகாவலி, களனி, வளவை ஆகியவற்றின் ஊற்றுக்கள் ஓட்டன் சமவெளியைச் சார்ந்த காடுகளில் உள்ளன. ஊக்கர் காட்டிய கோடு எந்தக் கச்சேரியின் எல்லையையும் பின்பற்றவில்லை. மலையின் சரிவையும் நீரின் ஓட்டத்தையும் பின்பற்றியது. முற்றாக இல்லாவிடினும் பெரும்பாலும் அக்கோடு நிலைத்தது. ஓட்டன் சமவெளி 1988 இல் தேசிய வனமாயிற்று. மத்திய மலைநாட்டுக் காடுகள் 2010 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன.

கீழ்நாட்டின் கதை வேறு. அங்கே முதலிற் காவல் கோரியவர் வேட்டைக்காரர் என்பது வியப்பாகத் தோன்றலாம். சுடுவதற்கு விலங்கு குறைந்தபோது அவர்க்குக் கவலை பிறந்தது. 1894 ஆம் ஆண்டில் தோட்டத்துரைமாரும் வேட்டைப்பிரியரும் கூடி வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். 1900 இல் யால ஒதுக்கிடமாயிற்று. 1905 இல் வில்பத்து அவ்வாறாயிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்கீழ் 1938 இல் இரண்டும் தேசிய வனங்களாயின. தொடக்கத்தின் நோக்கம் எதுவாயினும், அவ்வெல்லைகள் இன்றேல் இன்று சிறுத்தையும் கரடியும் நம்மிடையே எஞ்சியிருப்பது அரிது.

இனி மக்கட்பெருக்கத்தை நோக்குவோம். 1871 இல் எடுத்த முதற் குடிசனமதிப்பில் இத்தீவின் மக்கள் ஏறக்குறைய 24 இலட்சம். 2012 இல் அவர் 203 இலட்சம். இத்தனை வாய்களுக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு வயலும், வயலுக்கு நீரும் வேண்டும். கல்லோயாத் திட்டமும் அதன்பின் 1977 இல் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் இத்தேவையினின்று எழுந்தவை. அவற்றைப் பழிப்பது எளிது. அவற்றால் உண்டோர் பழித்தல் நன்றியன்று. எனினும் விலையையும் சொல்லவேண்டும். 1956 இல் நாட்டின் 44 வீதம் காடாயிருந்தது. 1992 இல் அடர்ந்த இயற்கைக் காடு நான்கில் ஒரு பங்கிற்குங் குறைந்துவிட்டது.

அரசாங்கம் ஈடுசெய்யவும் முயன்றது. 1972 இல் உடவளவை, 1983 இல் மதுரு ஓயா, 1984 இல் வஸ்கமுவை எனத் தேசிய வனங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஆயின் மதுரு ஓயாவில் கோடு வரையப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்த வேடர் அக்கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். தேனுக்கும் வேட்டைக்கும் அவர் சென்ற வழி குற்றவழியாயிற்று. காட்டை அழியாது பேணியவரே காட்டினின்று அகற்றப்பட்டமை நம் நினைவில் நிற்கவேண்டியது.

வடக்கிலும் இதனோடொத்த துயரம் ஒன்றுண்டு. போரின்போது மக்கள் விட்டகன்ற ஊர்களைக் காடு மூடிற்று. ஆண்டு பல கழிந்து அவர் மீண்டபோது, தம் கிணறும் கோயிலும் பள்ளிவாசலும் நின்ற நிலஞ் சில ஒதுக்கக்காடென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கக் கண்டனர். அதேவேளை, மீள்குடியேற்றத்தின் பெயரால், எவரும் என்றும் வாழாத காடும் வெட்டப்பட்டதென்ற முறைப்பாடு எழுந்தது, வழக்குகளும் நடந்தன. இரு பக்கத்திலும் உண்மை உண்டு. நிலத்தில் நடந்து பாராது படத்தின்மேல் வரையும் கோடு காட்டுக்கும் நீதி செய்யாது, குடிக்கும் நீதி செய்யாது.

யானையின் வாழ்வு இதனை நமக்குத் தெளிவாகக் காட்டும். யானை அடர்ந்த முதுகாட்டிற்றான் வாழும் என்று எண்ணி, யானைகளை வனங்களுக்குள் துரத்தி மின்வேலி இடுவதே நெடுங்காலம் நமது கொள்கையாயிருந்தது. உண்மை வேறு. முதுகாட்டின் நிழலில் யானைக்கேற்ற தீனி குறைவு. ஆறவிட்ட சேனையில் முளைக்கும் இளம்பற்றையும், கோடையில் நீர்வற்றிய குளத்தடியில் வளரும் புல்லுமே அதற்கு நல்லுணவு. ஆகவே நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 வீதத்தில் யானை உலாவுகின்றது. அவ்வாறு உலாவும் நிலத்தில் 70 வீதமளவில் மனிதரும் குடியிருக்கின்றனர். நாம் இட்ட மின்வேலிகளுட் பல, இரு திணைக்களங்களின் காணிகளுக்கிடையே உள்ள எல்லையில் நிற்கின்றன. வேலிக்கு அப்புறமும் காடு, இப்புறமும் காடு, இருபுறமும் யானை. உள்ளே அடைபட்டவை மெலிகின்றன. வெளியே நின்றவை வயலுக்கு வருகின்றன.

விளைவு யாது? 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் யானைகள் 5879. 2019 ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். 2023 இல் இத்தொகை மேலும் உயர்ந்தது.

யான் வன்னிப் பகுதியிலே ஆசிரியனாயிருந்த காலத்தில் ஒரு மாணவன் வாரத்தில் இருநாள் வகுப்பிலே தூங்குவான். கடிந்து கேட்டேன். இரவில் தந்தையோடு காவற்பரணில் இருந்து ஆனைவெடி கொளுத்தியதாகச் சொன்னான். வனவிலங்கைப் பேணுதல் பற்றிய கட்டுரையை அன்றுதான் அவ்வகுப்பிற்கு எழுதக் கொடுத்திருந்தேன். அவன் எழுதியது ஒரே வரி: யானையும் வேண்டும், எங்கள் நெல்லும் வேண்டும். அதற்கு எத்தனை புள்ளி இடுவதென்று அறியாது நெடுநேரம் இருந்தேன். எனது கட்டுரைத் தலைப்பு வீட்டில் உறங்கியவர்க்கு உரியது. அவனது வரியோ பரணில் விழித்திருந்தவனுடையது.

அவ்வரிக்கு விடை இப்பொழுது சில ஊர்களிலே காணப்படுகின்றது. அங்கே வேலி காட்டைச் சுற்றி இடப்படுவதில்லை. ஊரையும் வயலையும் சுற்றி இடப்படுகின்றது. வயல்வேலி விதைப்பின்போது கட்டப்பட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றப்படுகின்றது. தாளடியில் எஞ்சியதை யானை மேய்கின்றது; அடுத்த போகம் வரும்போது வேலி மீளக் கட்டப்படுகின்றது. அதனைக் காப்பவர் அவ்வயலின் உழவரே. காவாதொழியின் இழப்பு அவர்க்கே. 2020 ஆம் ஆண்டில் அரசாங்கக் குழுவொன்று வகுத்த செயற்றிட்டமும் இம்முறையையே முன்வைத்தது. முன்னோர் அறிந்த அசையும் எல்லையன்றோ இது!

காவலின்றிக் கோடு மட்டும் போதாதென்பதற்குச் சிங்கராசா வனம் சான்று. 1875 இலேயே அது ஒதுக்கப்பட்டது. ஆயினும் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக மரம் வெட்டும் இயந்திரங்கள் அதனுட் புகுந்தன. நூறாண்டு பழைமையான கோடு அவற்றைத் தடுக்கவில்லை. தடுத்தது மக்களின் எதிர்ப்புக் குரல். 1977 இல் வெட்டு நின்றது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே. நீரின் வழியையும், விலங்கின் தடத்தையும், குடியானவனின் உழைப்பையும் அறிந்து இடப்பட்ட எல்லைகள் நிலைத்தன. தரிசு என்று பெயரிட்டோ, கச்சேரி மேசையிலிருந்தோ வரையப்பட்டவை குருதியால் நனைந்தன. இனியும் கோடுகள் வரையப்படும். அதனைத் தவிர்க்க இயலாது. வரையுமுன் ஒருமுறையாவது அந்நிலத்தில் நடந்து செல்வோம். பரணில் விழித்திருப்பவனையும் உடன் அழைத்துச் செல்வோம்.