நிரூபிக்க வேண்டியது யார்? சேலஞ்சருக்கு முந்தைய இரவு

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் லேக் சிட்டி என்ற சிற்றூர். ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் பொது நூலகத்தில் புத்தகம் கேட்டான். கறுப்பருக்குத் தர மாட்டோம் என்று சொல்லி, போலீசையே கூப்பிட்டார்கள். அவன் நகரவில்லை. கடைசியில் புத்தகத்தோடுதான் வீடு போனான். (இந்தக் கதை நமக்கு விளக்கம் இல்லாமலே புரியும், தோழர்களே. அந்தக் கட்டிடம் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம்.) ரொனால்டு மெக்நாயர் என்ற அந்தச் சிறுவன் எம்.ஐ.டி.யில் இயற்பியல் முனைவரானார், 1984இல் விண்வெளிக்குப் போய் வந்தார். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73ஆவது நொடியில் சிதறியபோது இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

ஒரு ரப்பர் வளையம்தான் காரணம் என்று பலரும் சொல்லி முடித்துவிடுவார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் சூடான வாயு கசியாமல் அடைப்பது 'ஓ-ரிங்' எனும் வளையம். குளிரில் அது இறுகியது, வாயு கசிந்தது. உண்மைதான். ஆனால் அது இறுகும் என்று முன்பே சொன்னவர்கள் இருந்தார்கள்.

ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜாலி, 1985 ஜூலையிலேயே உயிர்கள் போகும் என்று மேலிடத்துக்கு எழுதினார். ஜனவரி 27 இரவு நாசாவுடன் நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். நாசா அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள். நிறுவனம் சிறிது நேரம் கேட்டு இணைப்பை நிறுத்தி வைத்தது. நான்கு நிர்வாகிகள் தனியே முடிவெடுத்தார்கள். பொறியாளர்களிடம் ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. ஏவுதளத்தில் இருந்த நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு கையெழுத்துப் போட மறுத்தார். மேலதிகாரி யூட்டாவிலிருந்து கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் ஏவும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி.

ஏவலாம் என்பவர்தானே பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும்? அன்றிரவு அது தலைகீழானது. ஆபத்து உண்டு என்று கீழே இருந்தவர்களை நிரூபிக்கச் சொன்னார்கள். அவ்வளவு குளிரில் யாரும் ஏவியதே இல்லை, ஆதாரத்துக்கு எங்கே போவது?

சமூகவியல் படித்தவர்களுக்கு டயான் வாகன் பெயர் தெரிந்திருக்கும். முந்தைய பயணங்களிலும் வளையங்கள் அரிக்கப்பட்டுத் திரும்பின, ஒவ்வொரு முறையும் 'பரவாயில்லை' என்று ஏற்றுக்கொண்டதால் ஆபத்தே வழக்கமாகிப் போனது என்று விளக்கியவர். நாம் பாதிதான் ஒப்புக்கொள்கிறோம். வழக்கமானது யாருக்கு? கலத்தில் ஏறிய ஏழு பேருக்கு அந்தக் கூட்டம் நடந்ததே தெரியாது.

விசாரணைக் குழு முன் எழுந்து உண்மையைச் சொன்ன மெக்டொனால்டைப் பதவி இறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகே அவருக்குப் பொறுப்பு திரும்பியது, இணைப்பைத் திருத்தி வடிவமைத்ததும் அவர் தலைமையில்தான்.

2003இல் கொலம்பியா. கிளம்பும்போது கழன்ற நுரைத் துண்டு இறக்கையில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கக் கேட்ட பொறியாளர்களுக்கு நிர்வாகம் மறுத்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பொறியாளர்கள் மறுபடியும் ஆபத்தை நிரூபிக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டார்கள் என்று விசாரணை வாரியமே தன் அறிக்கையில் எழுதியது.