சூரிய வெப்பக் குளிரூட்டல்

வெயிலின் வெப்பத்தையே உந்துசக்தியாகக் கொண்டு கட்டடங்களைக் குளிரவைக்கும் முறை. சோலார் பேனல் தரும் மின்சாரத்தில் ஏசியை ஓட்டுவது இதில் சேராது. வெயில் ஏற ஏறக் குளிர்ச்சியின் தேவையும் ஏறுகிறது. தேவையும் ஆற்றலும் ஒரே வேளையில் வந்து நிற்பதே பொறியாளர்களை இம்முறைபால் ஈர்த்தது.

இயங்கும் விதம்: திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண ஏசியில் அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. இம்முறைக்கான உட்கவர் எந்திரத்தில் அந்த வேலையை ஒரு கரைசல் செய்கிறது. ஆவியை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கரைசலைச் சூடாக்கினால் ஆவி பிரிந்துவிடும். அந்தச் சூட்டைத்தான் வெயில் தருகிறது. கட்டடங்களில் பெரும்பாலும் தண்ணீரே ஆவியாகும் பொருள். அதை உறிஞ்சுவது லித்தியம் புரோமைடு என்னும் உப்பின் கரைசல். காற்று அகற்றப்பட்ட கலத்துக்குள் தண்ணீர் சுமார் 5 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. கொதிக்கும் தண்ணீரால் அறை குளிர்வது, எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறையாத செய்தி.

தோற்றம்: அம்மோனியாவைத் தண்ணீரில் உட்கவரச் செய்து பனிக்கட்டி உறையவைக்கும் எந்திரத்துக்கு 1859-இல் பிரான்சின் ஃபெர்டினான் காரே காப்புரிமை பெற்றார். அதற்கு அடுப்பு நெருப்பு வேண்டியிருந்தது. நெருப்பின் இடத்தில் வெயிலை வைத்தவர் ஓகுஸ்தன் மூஷோ (1825–1912). தூர் நகரத்துப் பள்ளியில் கணித ஆசிரியர். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், அன்று ஆலைகள் என்ன செய்யும் என்ற கவலை அவரை 1860 வாக்கில் வெயில் பக்கம் திருப்பியது. மூன்றாம் நெப்போலியனின் ஆதரவு கிடைத்தது. 1869-இல் சூரிய வெப்பத்தின் தொழில் பயன்கள் குறித்து நூல் எழுதினார். 1870-களில் அரசு அவரை வெயில் மிகுந்த அல்ஜீரியாவுக்கு ஆய்வுக்காக அனுப்பியது.

1878-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவரும் உதவியாளர் ஆபெல் பிஃப்ரும் நிறுவிய எந்திரம்தான் இவ்வரலாற்றின் தலையாய காட்சி. வாய் அகன்ற கூம்பு. உட்புறம் வெள்ளி பூசிய தகடு. நடுவே செங்குத்தாகக் கறுத்த கொதிகலன். ஆடிப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். வெயில் நகர நகரக் கூம்பையும் திருப்ப வேண்டும். அதன் நீராவியில் முதலில் நீரிறைக்கும் பம்பு ஓடியது. பின்னர் அந்த வெப்பத்தைக் காரேயின் எந்திரத்துக்குச் செலுத்தினார்கள். செப்டம்பர் மாத வெயிலில் பனிக்கட்டி உறைந்தது. மூஷோவுக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1882-இல் பிஃப்ர் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் வெயிலாலேயே அச்சுப்பொறியை ஓட்டிச் 'சூரியன்' என்ற பெயர் தாங்கிய தாளொன்றை அச்சிட்டதும் இங்கே குறிக்கத் தக்கது.

இத்தனைக்கும் பின் முயற்சி ஏன் கைவிடப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இங்கிலாந்துடனான வணிக ஒப்பந்தத்தால் நிலக்கரி மலிந்ததே காரணம் என்பர் சிலர். அவ்வொப்பந்தம் 1860-ஐச் சேர்ந்தது. ஆகவே அதை மட்டும் காரணமாகக் கொள்வது கடினம். அரசு ஆய்வுக்குழு, எந்திரம் ஓடுகிறது ஆனால் கட்டுப்படியாகாது என்று கருதியதும் காரணமாகலாம். மூஷோ வறுமையில் இறந்தார்.

1880-களை அடுத்த அறுபது ஆண்டுகளில் உட்கவர் எந்திரம் வளர்ந்தது, வெயிலோடு அதற்கிருந்த உறவு அறுந்தது. லித்தியம் புரோமைடு உட்கவர் எந்திரங்கள் (சில்லர்கள்) 1940-களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன.

வெயிலால் குளிரூட்டப்பட்ட முதல் வீடு எது என்பது முடிவாகச் சொல்லக்கூடியதன்று. 1960-களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கட்டப்பட்ட ஆய்வு வீட்டைச் சிலர் குறிப்பிடுவர். வெப்பமூட்டல், குளிரூட்டல் இரண்டையும் ஒருங்கே செய்த முன்னோடி என்ற பெயர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் 1974-இல் ஃபோர்ட் காலின்ஸில் அமைத்த வீட்டுக்கு உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடியை அடுத்து அமெரிக்கா இதற்கெனச் சட்டமே இயற்றியது. 1980-களில் எண்ணெய் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது.

இடர்கள்: எளிய சில்லர் ஒரு பங்கு வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.7 பங்கு குளிர்ச்சியே தரும். 80, 90 டிகிரி வெந்நீர் அதற்குப் போதும். கரைசலை இரு கட்டங்களில் சூடாக்கும் சில்லர் ஒரு பங்குக்கு மேல் தரும். ஆனால் 150 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அதற்கு வெயிலைக் குவிக்கும் ஆடிகள் வேண்டும். உள்ளே வாங்கிய வெப்பம் முழுவதையும் வெளியேற்ற வேண்டியிருப்பதால் கூலிங் டவர் பெரிதாகிறது, தண்ணீர்ச் செலவும் கூடுகிறது. வெயில் கொளுத்தும் ஊர்களில் தண்ணீர் தாராளமாக இருப்பதில்லை. இம்முறை சந்திக்கும் மிகக் கடினமான முட்டுக்கட்டை இது.

அண்மைக் காலம்: சிங்கப்பூர் தெம்பனிஸில் உள்ள பன்னாட்டுப் பள்ளி வளாகமொன்று 2011 முதல் ஏறத்தாழ 3,900 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தட்டுகளைக் கூரையில் ஏந்தியுள்ளது. இந்தியாவில் குருகிராம் அருகே குவால் பஹாரியில் உள்ள சூரிய ஆற்றல் மையத்தில் 100 கிலோவாட் அமைப்பு நிறுவப்பட்டது. சோலார் பேனலின் விலை சரிந்தபின் புதிய கட்டடங்கள் பெரும்பாலும் மின் ஏசியையே நாடுகின்றன.