கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டினி ஆண்டு

ஒரு வருடம் முழுக்க உள்நாட்டில் விளைந்ததை மட்டுமே சாப்பிடுவது என்று கல்லூரித் தோழர்கள் சிலர் உறுதி எடுத்திருக்கிறார்கள். பாமாயில் வேண்டாம், கனடா பருப்பு வேண்டாம், வாஷிங்டன் ஆப்பிள் வேண்டாம். எங்களையும் சேரச் சொன்னார்கள். உடனே சரி என்று சொல்ல எங்களால் முடியவில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கோட்டுச்சேரி காவிரியின் கடைமடை. எங்கள் சேரிப் பெரியவர்களிடம் இந்த உறுதிமொழியைச் சொன்னால் சிரிப்பார்கள். கூலியாக அளந்த நெல்லில் கஞ்சி, வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், வேலியோரக் கீரை. அவர்கள் வட்டிலில் வெளிநாட்டுச் சரக்கு எதுவும் இருந்ததில்லை. அதை அவர்கள் கொள்கையாகச் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். விளைவித்த நல்ல நெல் வண்டியேறிப் போனது. மிஞ்சியதைத் தின்றார்கள்.

ஆகவே எங்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான். ஒரு நாடு "நம் மண்ணில் விளைந்தது போதும்" என்று முடிவெடுத்தால் யாருடைய அடுப்பு முதலில் அணைகிறது? இதற்குப் பதில் சொல்ல ஊகம் தேவையில்லை. எங்கள் கடற்கரையிலிருந்து தென்கிழக்கே கடலைக் கடந்தால் இருக்கிற நாட்டில் இது நடந்தே இருக்கிறது.

இலங்கை நெடுங்காலமாகக் கப்பலை நம்பிச் சாப்பிட்ட நாடு. அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, மிளகாய், வெங்காயம் எல்லாம் இறக்குமதி. அதற்கு வேண்டிய அந்நியச் செலாவணியைத் தேயிலையும் ரப்பரும் தேங்காயும் சம்பாதித்துக் கொடுத்தன. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் யார்? திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலிகள். அவர்களில் பெரும்பங்கு நம் மக்கள். பறையர், பள்ளர், அருந்ததியர்.

1942-ல் போர்க்காலத்தில் அங்கே அரிசி ரேஷன் வந்தது. 1953-ல் ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுக்க ஹர்த்தால். சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்தது. வாக்கு உள்ளவர்களின் சோற்றில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை ஆட்சியாளர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. குடியுரிமையோடு அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைவில் வையுங்கள் தோழர்களே. பின்னால் நடந்தது அங்கிருந்துதான் புரியும்.

1970-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. இடதுசாரிக் கட்சிகளும் அதில் இருந்தன. 1973-ல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியது. அந்த ஆண்டு கடைசியில் பெட்ரோலிய விலையும் ஏறியது. கையில் செலாவணி இல்லை. அரசு இறக்குமதியை வெட்டியது. ரேஷன் அரிசி குறைந்தது, கோதுமை மாவும் சர்க்கரையும் அருகின. மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத் தடை விதித்து, சாலையில் சோதனைச் சாவடி போட்டார்கள். மரவள்ளியும் குரக்கனும் பயிரிடுங்கள், உள்நாட்டில் விளைந்ததை உண்ணுங்கள் என்று பிரசாரம் நடந்தது. விடியும் முன்பே பாணுக்கு வரிசை நின்றது.

சின்ன நாடு வெளியாரின் கப்பலுக்குக் காத்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் தவறில்லை. அதனால் பிழைத்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் அந்த ஆண்டுகளில் செழித்தார்கள். இன்றும் அதைப் பொற்காலமாகப் பேசுவோர் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தோட்டக்காணி பெரும்பாலும் வெள்ளாளர் கையில் இருந்தது. நிலமில்லாமல் அதில் கூலிக்கு இறைத்தும் கொத்தியும் உழைத்தவர்கள் நளவரும் பள்ளரும். 1968-ல்தான் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் நுழைய முயன்றதற்காக அங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்கள் அடிபட்டார்கள். கோயில் வாசலே திறக்காத ஊரில் மிளகாய் லாபம் மட்டும் சமமாகப் பங்காகியிருக்குமா? காணி யாருடையதோ, பொற்காலமும் அவருடையது.

மலையகத்துக்கு வருவோம். அங்கே தொழிலாளிக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. குடியிருக்கும் லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். அருகிலிருந்த கிராமத்துச் சிங்கள விவசாயிக்கு ஒரு துண்டு வயலோ, கொல்லையில் ஒரு பலாமரமோ இருந்தது. தொழிலாளிக்கு இருந்தது நாட்கூலியும் ரேஷன் மாவில் சுட்ட ரொட்டியும்தான். மாவு குறைந்தது. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. வெளிச்சந்தை அரிசி அந்தக் கூலிக்கு எட்டவில்லை. "விளைவித்துச் சாப்பிடு" என்ற அறிவுரையை நிலமே இல்லாதவனிடம் சொன்னால் அதற்குப் "பட்டினி கிட" என்றுதான் பொருள்.

பட்டினி கிடந்தார்கள். 1974-ல் தோட்டப் பகுதிகளின் இறப்பு விகிதம் நாட்டின் பொது விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதலில் போனவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். மலையை விட்டு இறங்கி நகரங்களில் கையேந்தி நின்ற குடும்பங்கள் பல. நாட்டுக்கே சோற்றுக்கான செலாவணியைச் சம்பாதித்துக் கொடுத்த கைகள் அவை. 1953 போல அப்போது எந்தப் பிரதமரும் பதவி விலகவில்லை. வாக்கு இல்லாதவர்களின் சாவு எந்த நாற்காலியையும் அசைக்கவில்லை.

நிலச் சீர்திருத்தமும் நடந்தது. 1972-ல் தனியார் நிலத்துக்கு உச்சவரம்பு, 1975-ல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமை. பங்கிட்ட நிலம் தோட்டத் தொழிலாளிக்கு வரவில்லை. பல தோட்டங்களிலிருந்து அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1977 மே மாதம், சுமார் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தை எடுத்துப் பங்கிடுவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தின் சிவனு லட்சுமணன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

மிஞ்சிய வழி கப்பல். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதி வைத்திருந்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறந்த மண்ணை விடத் தயங்கிய குடும்பங்களையும் பசி தலைமன்னாருக்குத் தள்ளியது. அங்கிருந்து ராமானுஜம் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

அது அந்நிய நாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சாஸ்திரிதான் 1965-ல் வாரம் ஒரு வேளை உணவை விடும்படி இந்தியர்களைக் கேட்டுக்கொண்டார். பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சார்பிலிருந்து மீளத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்று, எங்கள் காரைக்காலைச் சுற்றியிருந்த தஞ்சாவூர். 1960 வாக்கில் தீவிர சாகுபடித் திட்டம் வந்தது. பிறகு ஆடுதுறை 27 வந்தது. குறுவை விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் உழைத்தவர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 இரவு, நாகைக்கு மேற்கே கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

அந்த மிராசுதார்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். சேற்றில் கால் வைக்காதவர்கள் உற்பத்தியாளர்கள். சேற்றில் நின்றவர்களுக்கு ஆள் என்று பெயர். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இறக்குமதியை வெட்டிய அதே ஆண்டு.

இன்றைக்கும் இது முடிந்த கதை இல்லை. எங்கள் புதுச்சேரி ஒன்றியத்தில் பல ஆண்டுகள் ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். நெல் விளையும் கடைமடையில் நெல் நட்டவள் அரிசிக்காகப் பணத்தோடு கடைக்குப் போனாள்.

தோழர்களே, உறுதிமொழியில் நாங்களும் சேர்கிறோம். ஆனால் மலிவு பாமாயிலில் தாளிக்கிற எந்தக் குடும்பத்தையும் குற்றம் சொல்ல மாட்டோம். அந்த எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் வாங்கும் கூலி அவர்களுக்குக் கிடைக்கும் வரை அந்தப் பேச்சுக்கு நமக்கு உரிமை இல்லை.

உங்கள் விதிகளில் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்கிறோம். தினம் என்ன சாப்பிட்டோம் என்று எழுதப்போகிறீர்கள் அல்லவா? மாதம் ஒரு முறை அந்த அரிசி விளைந்த வயலுக்குப் போங்கள். நிலம் யாருடையது, நடவு நட்டவருக்கு அன்று என்ன கூலி, அவர் வீட்டில் அன்று இரவு என்ன உலை வைத்தார்கள் என்று கேட்டு, அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வருடக் கடைசியில் அந்த நோட்டைக் கோட்டுச்சேரிக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

ஜெய்பீம்!