ஊட்டி 'இந்து'வும் அமெரிக்க கோடக்கும்

ஊட்டி என்றதும் வர்க்கிதான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது தெரியுமா நண்பர்களே? மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் விற்றார்கள். கலர் பரவியதும் சரிவு. டிஜிட்டல் வருமுன்பே, 1990-களில் நலிந்த நிறுவனமாகிவிட்டது.

கோடக் கதை இன்னும் விசித்திரம். 1975-ல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கியதே அதன் பொறியாளர் ஸ்டீவன் சாஸன்தான். 2005-ல் அமெரிக்க டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடக்தான் முதலிடம். ஆனால் அதன் பெரிய லாபம் ஃபிலிமில் இருந்தது. கேமராவில் மிஞ்சியது சொற்பம். 2012-ல் திவால் மனு.

ஜெயித்த கேனான், நிக்கான், சோனிக்கும் நிம்மதி இல்லை. ஜப்பானிய நிறுவனங்கள் 2010-ல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2020-ல் ஒரு கோடிகூட இல்லை. மீதியைச் செல்போன் விழுங்கிவிட்டது.

சந்தையில் நம் பங்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. சந்தையே நிலைக்குமா என்றும் பார்க்கணும்!