குறிகள் முகங்களான வரலாறு

எழுத்து என்பது ஒலிக்கு மாந்தர் அமைத்த வடிவம். அவ்வடிவத்தைக் கொண்டு விளையாடிப் பார்க்கும் வேட்கை தமிழுக்குப் புதிதன்று. நாகபந்தம், சுழிகுளம் எனச் சித்திரகவி பாடினர் நம் புலவர். பாம்பின் உருவில் நிறுத்தப்பெற்ற போதும் எழுத்துகள் தம் ஒலியை இழக்கவில்லை. படிப்போர் நாவில் அவை செய்யுளாகவே ஒலித்தன. மேலைநாட்டு அச்சுக்கூடத்திலும் பின்னர்க் கணினியிலும் தோன்றிய விளையாட்டோ வேறு வகையினது. ஆங்கே குறிகள் தம் பொருளைத் துறந்து வெறும் கோடும் புள்ளியும் ஆயின.

1881ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க் நகரின் 'பக்' என்னும் நகைச்சுவை இதழ் நான்கு முகங்களை வெளியிட்டது. அவை ஓவியர் வரைந்தவை அல்ல. புள்ளி, கோடு, அடைப்புக்குறி முதலிய அச்சுகளைக் கோத்து அமைத்தவை. ஓவியர்க்கு அச்சுக்கோப்பாளர் இளைத்தவர் அல்லர் என்பதே அவ்வேடிக்கையின் உட்கருத்து. மகிழ்ச்சி, துயரம், பற்றின்மை, வியப்பு ஆகியவற்றை அம்முகங்கள் காட்டின. தொல்காப்பியர் உரைத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகை, அழுகை, மருட்கை ஆகிய மூன்றும் அவற்றுள் அமைந்திருத்தல் ஒப்புநோக்கத்தக்கது.

கணினிக்காக அமெரிக்காவில் 1963இல் வகுக்கப்பெற்ற 'ஆஸ்கி' குறியீட்டு முறையில் இருந்தவை 128 இடங்களே. அக்குறுகிய எல்லைக்குள்ளும் விளையாட்டுத் தளிர்த்தது. 1982இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் தம் கணினிவழிக் கருத்தாடலில், மின்தூக்கி ஒன்று பாதரசத்தால் மாசுற்றதென ஒருவர் வேடிக்கையாக எழுதினார். சிலர் அதனை மெய்யான எச்சரிக்கையாகக் கொண்டனர். நேரிற் பேசியிருப்பின் குரலே வேடிக்கையை உணர்த்தியிருக்கும்; எழுத்துக்குக் குரல் ஏது? ஆதலின், செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் என்னும் பேராசிரியர் ஒரு வழி கூறினார். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாக இட்டுத் தலையைச் சாய்த்து நோக்கினால் சிரிக்கும் முகம் தோன்றும். அதுவே வேடிக்கைக்கு அடையாளமாகட்டும் என்றார். விளையாட்டு ஒரு குறையை நிறைவு செய்த தருணம் அது.

தமிழருக்கோ உருவும் பொருளும் பிரிந்து நின்ற நிலை விளையாட்டாக இருக்கவில்லை. ஆஸ்கியில் தமிழுக்கு இடமில்லை. எனவே எழுத்துரு அமைத்தோர் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். கண்ணுக்குத் தமிழ், கணினியின் ஏட்டிலோ ஆங்கிலம்! அவ்வெழுத்துரு இல்லாதார்க்கு மடல் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே சென்று சேர்ந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையே தமிழெழுத்துகளுக்குத் தமக்கெனத் தனியிடம் அளித்தது. அதன் பயன் பரவலாகப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

முகங்களும் வளர்ந்தன. 1999இல் ஜப்பானில் ஷிகேத்தாக்கா குரித்தா கைப்பேசிக்கென 176 சிறு படங்களை வகுத்தார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகளுள் அடங்கியது. 2010இல் இத்தகு படங்கள் யூனிகோடு பட்டியலில் பெருந்தொகையாக இடம்பெற்றன. அகரமும் சிரிக்கும் முகமும் இன்று ஒரே பட்டியலில் உறைகின்றன.

மாணவர் அம்முகங்களை விரும்பி இடுவதில் வியப்பில்லை. எழுத்தில் குரலைத் தேடும் முயற்சியே அது. எனினும், முகம் காட்டும் உவகையைச் சொல்லாலும் காட்ட வல்லது தமிழ். அவ்வாற்றலை அவர்க்கு உணர்த்துவது தமிழ் வகுப்பின் கடனன்றோ?