குடல்வால் அழற்சியும் நோயாளியின் கூற்றும்: கடும் வயிற்றுவலி அறிதலின் வரலாறு (1886–1992)

கடும் வயிற்றுவலியோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரிடம், வலி முதலில் எங்கே தோன்றியது, பின்னர் எங்கே நகர்ந்தது என்று இன்றும் கேட்கின்றனர். இவ்வினா மருத்துவத்தில் நிலைபெற்ற வரலாற்றையும், அதற்கு நோயாளி கொடுத்த விலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வலது அடிவயிற்று வலியும் சீழ்க்கட்டியும் பெருங்குடலின் தொடக்கப் பையான குருட்டுக்குடலின் நோயாகவே கருதப்பட்டன. ‘பெரிடிஃப்லைட்டிஸ்’ என்ற பெயரும் அக்கருத்தையே சுமந்தது. அபினி கொடுத்துக் காத்திருப்பதே பெரும்பாலும் மருத்துவமாக இருந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழக நோய்க்குறியியல் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் துளைபட்ட 257 நேர்வுகளையும் குருட்டுக்குடல் அழற்சி எனப் பதிவான 209 நேர்வுகளையும் 1886இல் ஒப்பிட்டார். இரு தொகுதிகளிலும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆகவே நோயும் ஒன்றே. அது தொடங்குமிடம் குடல்வால் என்றார். பிணக்கூறாய்வை நன்கறிந்த அவர், தம் கட்டுரைத் தலைப்பிலேயே விரைந்து நோயறிதலை வலியுறுத்தியது கருதத்தக்கது. 1889இல் நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கி ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தொலைவில், விரல்நுனி அழுத்தத்தில் வலி மிகும் புள்ளியைக் குறித்தார்.

எனினும் புள்ளியைவிட வரிசையே நுட்பமான சான்று என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. முதலில் வலி, பிறகு குமட்டலும் வாந்தியும், அடுத்து தொடுவலி, அதன்பின் காய்ச்சல் என்ற ஒழுங்கைச் சிகாகோவின் ஜான் மர்ஃபி வற்புறுத்தினார். குடல்வாலின் உள்ளுறுப்பு நரம்புகள் வலியைத் தொப்புளைச் சுற்றியே தெளிவற்று உணர்த்தும். அழற்சி வயிற்றுச்சுவரின் உட்சவ்வைத் தொட்டபின்தான் அது வலப்புறம் நிலைகொள்ளும். தொடுகின்ற விரலுக்கு வலியின் இன்றைய இடம் மட்டுமே தெரியும். அது கடந்துவந்த வழியை நோயாளியே சொல்ல வேண்டும்.

அச்சொல்லைக் காக்கவே ஒரு கடுமையான விதி வேரூன்றியது. லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப், கடும் வயிற்றுநோய்களை விரைந்து அறிவது பற்றிய தம் 1921ஆம் ஆண்டு நூலில், நோய் இன்னதெனத் துணியுமுன் மார்ஃபீன் கொடுத்தால் அறிகுறிகள் மறையும் என எச்சரித்தார். எக்ஸ்-கதிரைத் தவிர வேறு படக்கருவி இல்லாத காலத்தில் அவ்வெச்சரிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் காலம் மாறிய பின்னரும் விதி தளரவில்லை.

1972இல் லீட்ஸ் நகரில் டி டோம்பால் குழுவினர் 304 நோயாளிகளிடம் கணினிவழி நோயறிதலைச் சோதித்தனர். கணினி 91.8 விழுக்காடும் மூத்த மருத்துவர்கள் 79.6 விழுக்காடும் சரியாகக் கணித்தனர். இதை இயந்திரத்தின் வெற்றி என்று மட்டும் படிப்பது பொருந்தாது; கணினிக்கு ஊட்டப்பட்டவை, மருத்துவர்கள் நோயாளியிடம் ஒழுங்காகக் கேட்டும் தொட்டும் திரட்டிய செய்திகளே.

மார்ஃபீன் பற்றிய ஐயத்துக்கு 1992இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு நேரடியாக விடை தேடியது. வயிற்றுவலியோடு வந்த 100 பேருக்கு அபினிவகை மருந்தோ வெறும் உப்புநீரோ, இன்னது எனத் தெரிவிக்காமல், ஊசிவழி செலுத்தப்பட்டது. மருந்து பெற்றோருக்கு வலியும் தொடுவலியும் தணிந்தன; நோயறிதலில் அதனால் பிழை மிகவில்லை. கோப்பின் நூல் வெளிவந்து அப்போது 71 ஆண்டுகள் ஆகியிருந்தன.