சுற்றுச்சூழல் கல்வியும் நுகர்வுப் பழக்கமும்

சுற்றுச்சூழல் கல்வி என்பது, மனிதர் தம் வாழிடத்தோடு கொண்டுள்ள உறவை அறிந்து, அதைக் காப்பதற்கான மனப்பான்மையையும் திறனையும் பெறுமாறு பள்ளியிலும் அதற்கு வெளியிலும் அளிக்கப்படும் பயிற்சியாகும். 1977 அக்டோபரில், அன்றைய சோவியத் ஒன்றியத்திலிருந்த திபிலீசி நகரில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து நடத்திய மாநாடு, விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு ஆகியவற்றை இதன் நோக்கங்களாக வகுத்தது. நுகர்வுப் பழக்கத்தை மாற்றுபவை பெரிதும் இறுதி இரண்டே. வகுப்பறைக் கல்வியோ பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின் இது கட்டாயப் பாடமாக வலுப்பெற்றது.

ஒரு பொருளை ஆக்கவும், பயன்படுத்தவும், கழிக்கவும் செலவாகும் இயற்கை வளத்தைக் குறைத்துக்கொண்டே தேவையை நிறைவு செய்வது நீடித்த நுகர்வு எனப்படும். நெகிழியின் தீங்கை நன்கறிந்தவரும் வெறுங்கையோடு கடைக்குச் சென்று நெகிழிப் பையில் பொருள் வாங்கி வருவதுண்டு. ஆய்வாளர்கள் இதனை மனப்பான்மைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இடைவெளி என்பர். அறிவு மட்டும் அதை நிரப்புவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு வழங்கப்பட்டுவந்த துணிப்பையை முன்னிறுத்தியதால், அறிவுரையாக அன்றிப் பழகிய வழக்கமாகவே அது மக்களைச் சென்றடைய வாய்ப்புண்டானது. ஆயினும் துணிப்பை என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. பருத்தி விளைச்சலுக்கு நீரும் உரமும் மிகுதியாகத் தேவைப்படுவதால், பொருளின் பிறப்பு முதல் கழிவு வரையிலான பாதிப்பைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின்படி, டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கருதினாலும் சாதாரண பருத்திப் பையை 52 முறையேனும் பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பைக்கு ஈடாகும் என்றது. ஆகவே, புதிய பைகளை வழங்கி விழாவை முடித்துக்கொள்ளும் பள்ளியைவிட, வீட்டிலுள்ள பழைய பையை எத்தனை முறை பயன்படுத்தினோம் என மாணவர் குறித்துவரச் செய்யும் பள்ளியே நுகர்வை மெய்யாகக் கற்பிக்கிறது. மின்சாதனங்களின் நட்சத்திரக் குறியீட்டை மின்கட்டணக் கணக்கோடு ஒப்பிடச் செய்வதும் இத்தகைய பயிற்சியே.

நுகர்வோரின் தெரிவு எட்டாத இடங்களும் உள்ளன. தமிழ்நாட்டின் தடையில் பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு விலக்களிக்கப்பட்டதால், அவற்றை வாங்குவோரால் உறையைத் தவிர்ப்பது அரிது. அங்கே உற்பத்தியாளரே தம் உறையைத் திரும்பப் பெற்றுக் கையாள வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளின் பொறுப்பை அறிந்து, அதை நிறைவேற்றக் கோரும் குடிமைத் திறனும் இக்கல்வியின் பகுதியாகிறது.